ஆறரை மணிக் கச்சேரியும் அதன் விலையும்

டிசம்பர் பிறந்தால் கூடவே சென்னையின் கர்நாடக இசை, நடன சீசனைப் பற்றி ஒரு புலம்பலும் பிறந்துவிடும். "சீசன் எல்லாம் இனி காசு உள்ளவங்களுக்குத்தான், நம்மளால கட்டுப்படியாகாது." பத்து வருஷத்துக்கு முன்னாலும் இதே வாக்கியம்தான், இனியும் இதேதான் இருக்கும். ஆதாரமாகக் காட்டப்படுவதும் எப்போதும் ஒன்றுதான்: பெரிய சபா (கச்சேரி நடத்தும் அமைப்பு), பெரிய பெயர், சாயங்காலம் ஆறரை மணி, முன்வரிசை. நாலு பேர் குடும்பமாகப் போனால் டிக்கெட், ஆட்டோ, கேன்டீன் எல்லாம் சேர்ந்து எங்கேயோ போய் நிற்கிறது என்பார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் சென்னை சீசனில் நடக்கிற நூற்றுக்கணக்கான கச்சேரிகளில் விலை உச்சத்தில் இருக்கிற கொஞ்சத்தை மட்டும் பார்த்துப் போட்ட கணக்கு அது. மீதி பெரும்பகுதிக்கு டிக்கெட்டே கிடையாது என்பதை, வருஷம் தவறாமல் போகிறவர்கள்கூடச் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் இடம் பிடிக்கப் போட்டி வந்துவிடும் என்பதாலோ என்னவோ.

சீசனில் டிக்கெட் விலையைத் தீர்மானிப்பது முதலில் நேரம், அடுத்தது மண்டபம். பாடுகிறவர் மூன்றாவதாகத்தான் வருகிறார். இந்த வரிசை மனசில் பதிந்துவிட்டால் மிச்சம் பிடிப்பது தானாக நடக்கும்.

ஆளைப் பார்க்காதே, இடத்தைப் பார்

முன்னணிப் பாடகர் ஒருவர் ஒரே சீசனில் ஏழெட்டு மேடையாவது ஏறுகிறார். மியூசிக் அகாடமியில் பாடுகிறவரே நாரத கான சபாவிலும், தி.நகர் கிருஷ்ண கான சபாவிலும், வாணி மகாலிலும், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலும் பாடுவார். அதே குரல், பெரும்பாலும் அதே தரத்துப் பக்கவாத்தியம். ராகமும் உருப்படியும் (பாடும் பாட்டும்) மாறும், அது கேட்கிறவனுக்கு லாபம். ஆனால் விலை ஒரு மண்டபத்துக்கும் இன்னொன்றுக்கும் மடங்குக் கணக்கில் வித்தியாசப்படும். சில இடங்களில் பூஜ்யம்.

பூஜ்யம் எங்கே? மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவன் முதலாவது. அங்கே விழா நவம்பர் கடைசி வாக்கிலேயே தொடங்கிவிடும், அனுமதி இலவசம், பெரிய பெயர்களும் வருவார்கள். லஸ் அவென்யூவில் ராக சுதா அரங்கில் நாத இன்பம் என்ற அமைப்பு நடத்தும் கச்சேரிகள் இன்னொன்று. சின்ன அரங்கம், மேடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை, பாடகர் வயலின்காரரைப் பார்த்துச் சிரிப்பது கடைசி வரிசைக்கும் தெரியும். பெரிய மண்டபத்தில் எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காத விஷயம் இது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் ஆர்கே கன்வென்ஷன் சென்டரிலும் கட்டணமில்லாத கச்சேரிகள் வருஷம் முழுக்க உண்டு. இதெல்லாம் சபா உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நினைத்து வாசலோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தால் நேராக உள்ளே போய் உட்கார வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். டிசம்பர் முதல் வாரத்துக்குள் எல்லா சபா அட்டவணையும் பத்திரிகையிலும் இணையத்திலும் வந்துவிடும். கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிற நாலைந்து பேரை எழுதிக்கொண்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே தேதி, நேரம், இடம் என்று அவர்கள் பாடும் எல்லா மேடையையும் குறிக்க வேண்டும். டிக்கெட் உள்ள இடங்களை அடித்துவிட வேண்டும். மீந்து நிற்பதுதான் உங்கள் சீசன். யாராவது ஒருவருக்கு எல்லா வரியும் அடிபட்டுப் போனால் அவருக்கு மட்டும் டிக்கெட். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் அகாடமி தேதியைப் பிடித்து டிக்கெட் வாங்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே பாடகர் நடந்து போகிற தூரத்தில் இலவசமாகப் பாடினார் என்று தெரிந்து வயிறு எரிவது. சீசன் டிசம்பர் 15க்குத்தான் தொடங்குகிறது என்ற பழைய நினைப்பும் இதற்கு ஒரு காரணம். அது அகாடமியின் தேதி. அங்கே டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை. ஊரின் சீசன் அதற்கு முன்னாலேயே தொடங்கி, பொங்கலை ஒட்டித்தான் ஓய்கிறது.

இலவசத்துக்கு ஒரு விலை உண்டு, அதைக் கையில் இருக்கிற நேரமாகக் கொடுக்க வேண்டும். பெரிய பெயருக்கு ஆறரை மணிக் கச்சேரி என்றால் ஆறே காலுக்குப் போய் நிற்பவருக்குச் சுவர் ஓரம்தான் மிஞ்சும். முந்தின கச்சேரிக்கே போய் உட்கார்ந்துவிடுவதுதான் வழி. நாலு மணிக்கு வரும் இளம் பாடகரைக் கேட்டபடியே இடத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். நடுவில் எழுந்து போவதாக இருந்தால் கைக்குட்டையை நம்ப வேண்டாம், ஆளை உட்கார வையுங்கள். கைக்குட்டை போட்ட நாற்காலியை மதிக்கிற மயிலாப்பூர் மாமாக்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

மத்தியானம் என்கிற பொக்கிஷம்

சபா நாள் பல துண்டுகளாக வெட்டப்பட்டது. காலையில் விரிவுரை அல்லது நாமசங்கீர்த்தனம். பன்னிரண்டு மணி, இரண்டு மணி வாக்கில் ஒன்றரை மணி நேரத்து இளையவர் கச்சேரிகள். நாலு மணிக்கு அடுத்த படி. ஆறரை, ஏழுக்கு மூத்த வித்வான், இரண்டரை மணி நேரம். பெரும்பாலான சபாக்களில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. குளிர்சாதன மண்டபம், நல்ல ஒலி, பாதி நாற்காலி காலி.

மத்தியானக் கச்சேரி ஏதோ பயிற்சி மேடை என்று ஒதுக்குகிறவர்கள் இழப்பது அதிகம். இன்றைக்கு ஆறரை மணிக்குப் பாடுகிற எல்லோரும் ஒரு காலத்தில் இரண்டு மணிக்குக் காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்கள்தான். தொண்ணூறு நிமிஷத்துக்குள் வர்ணம், ஒன்றிரண்டு உருப்படி, விஸ்தாரமான ஒரு ராகம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிப்பது), துக்கடா என்கிற கடைசிச் சின்னப் பாட்டு எல்லாம் அடக்க வேண்டும் என்பதால் வளவளப்பு இருக்காது. ஆறு மாதம் உழைத்து ஒரு தோடி ராகத்தையோ காம்போதியையோ தயார் செய்துகொண்டு வருவார்கள். எதிர்காலமே அந்த ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது என்ற பதற்றம் முதல் பத்து நிமிஷம் குரலில் தெரியும், பிறகு கரையும். சில நேரம் கரையாது. அப்போது எழுந்து அடுத்த சபாவுக்கு நடக்கலாம், காசு கொடுத்தோமே என்று உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. டிக்கெட் இல்லாத கச்சேரியின் பெரிய சுகம் இதுதான்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். மத்தியானம் உட்கார்ந்தவர் அப்படியே ஆறரை மணிக் கச்சேரிக்கும் இருந்துவிடலாம் என்பது எல்லா இடத்திலும் நடக்காது. கட்டணக் கச்சேரிக்கு முன்னால் மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி, கதவில் டிக்கெட் பார்த்து உள்ளே விடும் சபாக்கள் உண்டு. நாலு மணிக் கச்சேரியிலிருந்தே டிக்கெட் தொடங்கும் இடங்களும் உண்டு. சபா அறிவிப்புப் பலகையில் எந்த மணிக்கு எதிரே 'அனுமதி இலவசம்' இருக்கிறது என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தால், பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு எழ வேண்டி வராது.

காலையில் நேரம் கிடைக்கிறவர்களுக்கு அகாடமியின் விரிவுரைகள் இருக்கின்றன. கஸ்தூரி ஸ்ரீனிவாசன் அரங்கில் எட்டு மணி வாக்கில் தொடங்கும், யாரும் போகலாம். ஒரு ராகத்தின் பழைய வடிவம், ஒரு வாத்தியத்தின் வரலாறு, ஒரு பாடாந்தரத்துக்கும் (குரு வழியாக வந்த பாடும் முறைக்கும்) இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு என்று பெரிய வித்வான்கள் பாடிக்காட்டியே பேசுவார்கள். சில காலைகளில் அன்றைய மாலைக் கச்சேரியைவிட நல்ல சங்கீதம் இங்கே கேட்டுவிடும்.

இலவசம் என்பதால் எல்லோருக்கும் திறந்த கதவு ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே தான் அந்நியன் என்று ஒருவருக்குத் தோன்றினால், 'டிக்கெட் இல்லை, வாங்க' என்ற பலகை அதைப் போக்காது. பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் குடியிருப்பிலேயே 2015ல் தொடங்கிய கலை விழா இந்த அந்நிய உணர்வைத்தான் தொட்டது. காசைவிடக் கடினமான தடை இது. டிக்கெட் யோசனை எதுவும் இதற்கு மருந்தாகாது.

டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

முதலில் வரி. கச்சேரி, நாடகம், நடனம் எதுவானாலும் ஒருவருக்கு 500 ரூபாய் வரை நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. 2018 ஜனவரிக்கு முன் இந்த வரம்பு 250 ஆக இருந்தது. 500ஐத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று நினைக்கக் கூடாது, முழுத் தொகைக்கும் 18 சதவீதம். 500 ரூபாய் வகுப்பில் நாலு பேர் போனால் 2,000. அதற்கு மேல்வகுப்பு 600, வரி தனி என்று இருந்தால் ஆளுக்கு 708, நாலு பேருக்கு 2,832. நூறு ரூபாய்தானே என்று மேலே போனவர் 832 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார். போட்டிருக்கும் விலை வரி சேர்த்ததா சேர்க்காததா என்பதைப் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள்.

அடுத்தது இணையக் கட்டணம். முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாக ஒரு தொகை எடுக்கும், அந்தத் தொகைக்கு 18 சதவீதம் வரி உண்டு, டிக்கெட் 500க்குக் கீழே இருந்தாலும் சரி. 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரியோடு 47 ரூபாய் 20 காசு. 200 ரூபாய் பால்கனி டிக்கெட்டில் அது கிட்டத்தட்ட கால்வாசி. பெரிய டிக்கெட்டில் உறுத்தாத இந்தத் தொகை சின்ன டிக்கெட்டில்தான் கடிக்கும். அதனால் மலிவு டிக்கெட்டை சபா கவுண்டரில் வாங்குவது நல்லது. மத்தியானக் கச்சேரிக்குப் போகும்போதே அடுத்த வாரத்து டிக்கெட்டைக் கையோடு வாங்கிவிட்டால் தனியாக ஒரு நடை மிச்சம். பெரிய பெயர்களுக்கு அன்றன்றைக்கு விற்கும் டிக்கெட் இருந்தால் கவுண்டர் திறக்கும் முன்னாலேயே வரிசை நின்றிருக்கும், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

எந்த இடம் என்பதில்தான் பலர் வீணாகப் பணம் கொட்டுகிறார்கள். கச்சேரி கேட்பதற்கு முன்வரிசை நல்ல இடமே இல்லை. மேடைக்கு இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி அடுக்கியிருப்பார்கள். முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்துக் கனத்த ஒலி) நெஞ்சில் அடிக்கும், தம்புரா எங்கே என்று தேட வேண்டும். ஒலியைக் கட்டுப்படுத்துகிறவர் தன் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் மண்டபத்தின் நடுவிலோ அதற்குக் கொஞ்சம் பின்னாலோ இருக்கும். அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஏற்றி இறக்குகிறார். அவருக்கு முன்னால் இரண்டு மூன்று வரிசைக்குள், நடுவாக உட்கார்ந்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். அது பெரும்பாலும் மத்திய விலைக்குக் கீழேதான் வரும். பால்கனியின் முதல் வரிசையும் நன்றாகவே இருக்கும். பின்பக்கத்துக் கூரை தாழ்ந்து மூடியிருக்கிற பால்கனி அடிப்பகுதியை மட்டும் தவிர்த்துவிடலாம், அங்கே சத்தம் குழம்பும்.

பரதநாட்டியத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். தரை சரிவில்லாத மண்டபத்தில் நாலைந்து வரிசைக்குப் பின்னால் போனால் கால் தெரியாது, கண் அசைவு அறவே தெரியாது. அபிநயத்துக்கு (முகபாவத்துக்கு)ப் பெயர் போன கலைஞர் தனியாக ஆடுகிறார் என்றால் முன்னால் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. குழு நடனத்துக்கு பால்கனிதான் சரி, கோலம் போல மேடை முழுக்கத் தெரியும். சபா நாடகத்துக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். வசனமெல்லாம் மைக்கில் வந்துவிடும், சிரிப்பு பின்வரிசையில்தான் அதிகம்.

நன்கொடையாளர்களுக்குக் கயிறு கட்டி வைத்திருக்கும் வரிசைகள் பல நாள் காலியாகவே கிடக்கும். இரண்டு மூன்று உருப்படி முடிந்த பிறகு வாசலில் நிற்கும் தொண்டரிடம் மரியாதையாகக் கேட்டால், சில சபாக்களில் முன்னால் விடுவார்கள். கேட்காமல் போய் உட்காருவது வேண்டாம், நடுப் பாட்டில் நடமாடுவது அறவே வேண்டாம். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் முன் நகர்ந்துவிட வேண்டும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்புகிறது, அப்போது நிறைய இடம் காலியாகும். அந்த நேரத்தில் எழுந்து போகிறவர்கள் கொடுத்த டிக்கெட்டில் பத்து இருபது நிமிஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

சபா உறுப்பினராவது எப்போது கட்டும்? சீசனுக்கு மட்டும் வருகிறவருக்குப் பெரும்பாலும் கட்டாது. மாதா மாதம் நாடகம் பார்க்கிறவருக்குக் கட்டும். ஒரே நாடகம் சபா சபாவாகச் சுற்றி வருவதால் ஒரு சபாவில் சேர்ந்தாலே பெரும்பாலான நாடகம் உங்களிடம் வந்து சேர்ந்துவிடும், இரண்டாவது சபா தேவையில்லை.

போக்குவரத்து, சாப்பாடு

டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை ராத்திரி ஒன்பது மணி ஆட்டோ தின்றுவிடும். எல்லா சபாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுவதால் செயலியில் காட்டும் கட்டணம் அப்போதுதான் ஏறும். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்திலிருந்து லஸ், மாட வீதிப் பக்கத்து அரங்குகளெல்லாம் நடை தூரம். பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை. மத்தியானமும் நாலு மணியும் கேட்டுவிட்டு ஆறரைக்குக் கிளம்புகிற நாளை வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே வராது.

கேன்டீனுக்கு டிக்கெட் வேண்டாம், யாரும் போகலாம். அது மலிவான சாப்பாடு என்ற நினைப்பு மட்டும் வேண்டாம், கல்யாணச் சமையல் விலை. ஒரு நாள் இலைச் சாப்பாடு அனுபவித்துச் சாப்பிட்டுவிட்டு, மற்ற நாளில் காபியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

திறந்தவெளிக் கச்சேரி

சினிமாப் பாட்டுக் கச்சேரி வேறு ஜாதி. அங்கே மலிவு டிக்கெட் மிச்சமா நஷ்டமா என்பது மைதானத்தைப் பொறுத்தது. 2023 செப்டம்பர் 10ல் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமலே திரும்பினார்கள், பிறகு பணம் திருப்பித் தரப்பட்டது. எண்ணிட்ட நாற்காலி இல்லாத மைதானத்தில் கூட்டம் மிஞ்சினால் வகுப்புப் பெயருக்கு அர்த்தம் போய்விடும். டிக்கெட்டில் வரிசை எண்ணும் நாற்காலி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேல்வகுப்புக்கு மடங்கு விலை கொடுக்காதீர்கள். டிக்கெட் நகல், பணம் கட்டிய மின்னஞ்சல் இரண்டையும் நிகழ்ச்சி முடியும்வரை அழிக்க வேண்டாம், திருப்பிக் கேட்க அதுதான் ஆதாரம்.

சீசனுக்கு வெளியே

டிசம்பரை விட்டால் பாட்டு இல்லை என்று நினைப்பவர்கள் ஸ்ரீராம நவமி சமயத்தில் மேற்கு மாம்பலம் அயோத்யா மண்டபத்துக்குப் போகலாம். நாள் கணக்கில் கச்சேரி, பெரிய வித்வான்கள், டிக்கெட் இல்லை. மண்டபம் நிறைந்தால் கூட்டம் தெருவில் நிற்கும். நவராத்திரியில் கபாலீஸ்வரர் கோயில், வடபழனி முருகன் கோயில் என்று கோயிலுக்குக் கோயில் மேடை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடுவார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வியர்வையோடு நின்று கேட்பார்கள். மைக் இல்லாத குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோன காதுக்கு ஒரு மணி நேரம் போதும். ஜனவரியில் மயிலாப்பூர் விழா, பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம். பறையும் கரகாட்டமும் தெருக்கூத்தும் பார்க்க இதைவிட நல்ல இடம் நகரத்துக்குள் இல்லை. கல்லூரி மாணவர்களுக்கு ஸ்பிக் மேக்கே என்ற கலை அமைப்பு நடத்தும் நிகழ்ச்சிகள் 1977லிருந்து இருக்கின்றன, அனுமதி இலவசம். மகாசிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் 1981ல் தொடங்கிய நாட்டியாஞ்சலி நடன விழாவும் அப்படித்தான்.

திருவையாறு தியாகராஜ ஆராதனை தனிக் கதை. தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி திதியன்று காலை அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது, அதை ஒட்டிய நாட்களில் காலையிலிருந்து நடு ராத்திரி வரை ஆளுக்குச் சில நிமிஷமாகக் கச்சேரி. டிக்கெட் இல்லை, ஆனால் தங்கும் செலவு இருக்கிறது. திருவையாற்றில் அறை கிடைப்பது கஷ்டம். 13 கிலோமீட்டரில் தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்தால் நகரப் பேருந்திலேயே போய்வரலாம். பஞ்சரத்ன நாளுக்கு அறை விலை ஏறும். அதற்கு முந்தின இரண்டு நாளுக்குப் போட்டுக்கொண்டால் விலையும் குறையும், பந்தலில் தரையில் உட்கார இடமும் கிடைக்கும். விரிக்க ஒரு ஜமக்காளம், ராத்திரிப் பனிக்கு ஒரு சால்வை, கொசுவுக்கு ஏதாவது எடுத்துப் போங்கள். காவிரிக்கரைக் கொசு ஆளைப் பார்த்துக் கடிப்பதில்லை.